மலேரியா ஒட்டுண்ணியை உள்ளும் புறமும் கீறுவது எப்படி

அண்ணனின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன மாதம் ஒரு பின்னேரம் மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து குந்தி, "மாமி, இது சரியா எண்டு பாருங்க" என்று ஒரு படத்தை நீட்டினாள். ஒரு செங்குழியம் (இரத்தத்தின் சிவப்பணு), அதற்குள் மலேரியா ஒட்டுண்ணி. ஒட்டுண்ணிக்குள்ளே பழக்கடையில் அடுக்கின மாதிரி எல்லாப் புன்னங்கங்களும் இருந்தன. கரு ஒரு தோடம்பழம், இழைமணி ஒரு பப்பாளி, மூலையில் இரண்டு கத்தரிக்காய்.

நான் முப்பது வருடம் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருந்தவள். அதில் முக்கால்வாசிக் காலம் மலேரியா வழுக்கிகள்தான், அதாவது நோயாளியின் இரத்தம் தடவின கண்ணாடித் தகடுகள். அவள் கீறின மாதிரி ஒன்றை ஒருநாளும் கண்டதில்லை. "இது பிழை இல்ல கா. ஆனா இதில நீ எதைப் பார்த்தாய், எதை மற்றவங்க சொல்லிக் கேட்டாய் எண்டு ஒண்டும் தெரியல" என்றேன். அன்றைக்கு அவளை இருத்திச் சொல்லிக்கொடுத்த முறைதான் இது. படம் கீறத் தெரியாதவர்களுக்கும் வரும். (புன்னங்கம் என்று எங்கள் பாடநூலில் இருப்பதை இந்தியாவில் நுண்ணுறுப்பு என்பார்கள்.)

தேவையான சாமான்கள்: பெரிய வெள்ளைத்தாள், கவராயம், மில்லிமீட்டர் கோடு தெளிவாக உள்ள அடிமட்டம், நீலம், சிவப்பு, கபிலம் ஆகிய மூன்று நிறப் பென்சில்கள், மாக்கர் பேனை ஒன்று. பிறகு டிரேசிங் தாள். அது கிடைக்காவிட்டால் சோற்றுப் பார்சல் கட்டும் லஞ்ச் ஷீட் போதும். உண்மையில் எனக்கு லஞ்ச் ஷீட்தான் பிடிக்கும், கீழே உள்ளது அப்படியே தெரியும்.

முதலில் அளவு. ஒரு மைக்குரோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக எடுங்கள். அப்படியென்றால் உங்கள் படம் பத்தாயிரம் மடங்கு பெருத்தது. செங்குழியத்தின் விட்டம் ஏழரை மைக்குரோமீட்டர் வரும், ஆகவே கவராயத்தால் ஏழரை சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள். தேத்தண்ணீர்க் கோப்பையின் வாய் அளவு. இதே மாதிரி மூன்று வட்டம், பக்கத்துக்குப் பக்கம். ஏன் மூன்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி ஒரு சின்னக் கடதாசித் துண்டில் இரண்டு புள்ளிகள் போடுங்கள், இடைவெளி சரியாக இரண்டு மில்லிமீட்டர். இந்தத் துண்டைத் தொலைக்க வேண்டாம். சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நூறு மடங்கு வில்லைக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தாலும், 0.2 மைக்குரோமீட்டரைவிடக் கிட்டக் கிட்ட இருக்கும் இரண்டு பொருள்களை அது பிரித்துக் காட்டாது. ஒளியின் அலைநீளம் விடாது. எங்கள் படத்தில் அது இரண்டு மில்லிமீட்டர். நீங்கள் கீறும் எதையும் இந்தத் துண்டை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் நுணுக்கம் எதுவும் என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. படத்தில் பாதி இந்தத் துண்டிலேயே விளங்கிவிடும்.

வெள்ளைத்தாளில் கீறுவது கண் கண்டது மட்டும். லஞ்ச் ஷீட்டில் கீறுவது ஆராய்ச்சி கண்டுபிடித்தது. இந்த இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

கண் காண்பதற்கு ஒரு வழுக்கி வேண்டுமே? இப்போது இலங்கையில் உள்ளூர் மலேரியா இல்லை. கடைசி உள்ளூர் நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ் தந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவர்களிடம்தான் இப்போது காண்கிறார்கள். ஒரு காலத்தில் வவுணதீவு, உன்னிச்சைப் பக்கம் போனால், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வீட்டுக்கொரு நடுக்கற்காரர் போர்வைக்குள் கிடப்பார். என் மருமகளுக்கு அது கதை. ஆகவே பயிற்சிக்கென்று பாதுகாத்து வைத்த பழைய வழுக்கி உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் ஆசிரியர் மூலமாகக் கேளுங்கள். நீங்களாக யாருக்கும் விரலில் குத்தி இரத்தம் எடுக்க வெளிக்கிட வேண்டாம்.

வழுக்கியைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லாமல் விட மனமில்லை. மெல்லிய படலத்தை மெதனோலில் நிலைப்படுத்தி, கீம்சா சாயத்தில் போடுவோம். மூன்று சதவீதக் கரைசல் என்றால் முக்கால் மணித்தியாலம். அந்தச் சாயத்தைக் கலக்கும் நீரின் பி.எச். 7.2 ஆக இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய நிலையத்தில், பி.எச். மாறாமல் வைத்திருக்கும் தாங்கற் கரைசல் முடிந்துபோய்விட்டது. பெரியவர் ஒருவர், "தண்ணி தண்ணிதானே" என்று கையில் கிடைத்த தண்ணீரில் கலக்கச் சொன்னார். இரண்டு கிழமையாக வந்த, வைவாக்ஸ் என்ற மலேரியா இனத்தின் வழுக்கிகளில் ஒன்றிலும் செங்குழியத்தில் வரவேண்டிய இளஞ்சிவப்புப் புள்ளிகள் வரவில்லை. ஷுஃப்னர் புள்ளிகள் என்போமே, அவைதான். நீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் அவை தலைகாட்டாது. ஏச்சு எனக்குத்தான் விழுந்தது. இன்னொன்று எறும்பு. காயவைத்த இரத்தப் படலத்தை மேசையில் விட்டுவிட்டு தேத்தண்ணீர் குடிக்கப் போய் வந்தால் நடுவில் வெள்ளையாக ஒரு பாதை இருக்கும். கரப்பான் என்றால் முழுவதையும் நக்கிவிடும். வழுக்கிப் பெட்டியின் மூடி எதற்கென்று அப்போதுதான் விளங்கும்.

சரி, படத்துக்கு வருவோம். முதல் வட்டத்துக்குக் கீழே "10 மணி" என்று எழுதுங்கள். ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் புகுந்து பத்து மணித்தியாலம் என்று அர்த்தம். இரண்டாவது "30 மணி". மூன்றாவது "44 மணி". உள்ளே புகுந்து, வளர்ந்து, குஞ்சுகளாகப் பிரிந்து, செங்குழியத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும் இந்தச் சுற்று முழுவதும் ஃபல்சிபாரம் என்ற இனத்துக்கு 48 மணித்தியாலம். மணி போடாமல் கீறுவதால்தான் எல்லாம் ஒரே சட்டிக்குள் விழுகிறது.

பத்து மணியில் நான் கண்டது மோதிரம். நீலப் பென்சிலால் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் மெல்லிய வளையம், அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. பொட்டுத்தான் கரு. நடுவில் ஓட்டை இருப்பது மாதிரித் தெரியும், நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்தவர்கள் வேறு சொல்கிறார்கள்: அது பெரும்பாலும் ஒரு தட்டு, விளிம்பு தடிப்பு, நடு மெல்லிசு. அப்பத்துக்கு நேர்மாறு. நடு மெல்லிசாக இருப்பதால் சாயம் தெரிவதில்லை. வெள்ளைத்தாளில் நீங்கள் ஓட்டையாகவே கீறுங்கள், ஏனென்றால் கண் கண்டது அதுதான். ஓட்டையை அடைப்பது லஞ்ச் ஷீட்டின் வேலை. இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டு ஒன்று செங்குழியத்தின் மேல் வந்து குந்தியிருந்தாலும் மோதிரம் மாதிரி ஏமாற்றும். சுற்றிவர ஒளிவட்டம் தெரிந்தால், நீலமும் சிவப்பும் பிரியாமல் ஊதாவாக இருந்தால் அது ஒட்டுண்ணி இல்லை.

முப்பது மணியில் ஒட்டுண்ணி பருத்து வட்டத்தில் பாதியைப் பிடித்திருக்கும். அதற்குள் கபிலம் கலந்த கறுப்பில் ஒரு கட்டி கீறுங்கள். இதற்குச் சாயமே தேவையில்லை, அதன் சொந்த நிறமே அது. ஹீமோசொயின் என்று பெயர். 1880 நவம்பர் 6ஆம் திகதி அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரில் பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான், நோயாளியின் இரத்தத்தில் இந்த நிறமணியைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நிறமணி ஏந்திய ஒரு உருண்டை வால்களை வீசி அசைவதைக் கண்டார். அது உயிருள்ள பொருள் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்னும்போது புரதத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. ஆகவே அதைப் பளிங்காக்கி ஒரு மூலையில் குவிக்கும், வாவி நண்டு தின்றுவிட்டுக் கோதைக் கோப்பையில் குவிக்கிறோமே, அப்படி. இப்போது லஞ்ச் ஷீட்டை மேலே வைத்து, அந்தக் கறுப்புக் கட்டியைச் சுற்றி ஒரு பை கீறுங்கள். அதுதான் உணவுப் புன்வெற்றிடம். உயிரோடு பார்த்தால் பளிங்குகள் அந்தப் பைக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும். நாங்கள் பார்த்ததெல்லாம் செத்துச் சாயமேறின ஒட்டுண்ணிகள், அதனால் அந்த ஆட்டத்தை நான் வீடியோவில்தான் கண்டேன். படுவான்கரையில் ஒரு தலைமுறையே கசப்புக்கு முகம் சுளித்து விழுங்கின குளோரோகுயின் வேலை செய்யும் இடமும் இந்தப் பைதான். ஹீம் பளிங்காகாமல் தடுக்கும், ஒட்டுண்ணி தன் கழிவாலேயே சாகும். பையின் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதத்தில் 76ஆம் இடத்து அமினோ அமிலம் மாறினால், அது மருந்தைப் பைக்கு வெளியே கடத்திவிடும். ஃபல்சிபாரம் குளோரோகுயினுக்கு அடங்காமல் போனதன் முக்கியமான கதவு அது. பையின் கோட்டில் ஒரு புள்ளி போட்டு "கடத்தி" என்று எழுதிவிடுங்கள்.

இனி லஞ்ச் ஷீட்டில் மட்டும் வரும் ஆட்கள். இழைமணி ஒன்றே ஒன்றுதான். எங்கள் கலங்களில் நூற்றுக்கணக்கில் இருப்பதை நினைத்து நாலைந்து கீறிவிடாதீர்கள். பத்து மணிப் படத்தில் ஒரு சிறு கோல். அதன் டி.என்.ஏ.யில் ஏறத்தாழ ஆறாயிரம் எழுத்து, மூன்றே மூன்று புரதங்களுக்கான குறிப்பு. எங்கள் இழைமணியில் பதினாறாயிரத்துச் சொச்சம், பதின்மூன்று புரதம். அந்த மூன்றில் ஒன்றான சைட்டோகுரோம் பி-யில் போய் ஒட்டும் மருந்துதான் அட்டோவாகுவோன்.

இழைமணிக்குப் பக்கத்தில், ஏறக்குறைய உரசிக்கொண்டு, ஒரு சம்பா அரிசி அளவில் இன்னொன்று. இதுதான் ஏபிகோபிளாஸ்ட். மருமகளின் படத்தில் இது எங்கோ மறுமூலையில் தனியாக நின்றது. "ரெண்டும் கோவிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். அவை எந்தக் கட்டத்திலும் அயலில்தான் இருக்கும்.

இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒட்டுண்ணிக்குள் ஏறத்தாழ 35 ஆயிரம் எழுத்து நீளமான வட்ட டி.என்.ஏ. ஒன்று இருப்பது 1970களிலேயே தெரியும். இழைமணியுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இழைமணிக்குச் சொந்தம் அந்த ஆறாயிரம்தான் என்று தெரிய, வட்டத்துக்கு உரிமைக்காரர் இல்லாமல் போனது. அதிலிருந்த மரபணுக்களை வாசித்தால் செடிகளின் பச்சையவுருமணி மாதிரி இருக்கிறது! இரத்தத்தைக் குடித்து வாழும் ஒன்றுக்கு இலையின் சாமான் எதற்கு? 1996, 1997இல் மெல்பேர்னில் ஜெஃப் மக்ஃபேடன் குழுவும் அமெரிக்காவில் இன்னொரு குழுவும் இந்த டி.என்.ஏ. இருக்கும் உருமணியைக் காட்டின. அதைச் சுற்றி நான்கு சவ்வு.

நான்கு எப்படி வந்தது என்பதைக் கீறிக் காட்டினால் ஒருபோதும் மறக்காது. ஆனால் எங்கள் பத்தாயிரம் மடங்கில் ஒரு சவ்வு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொன்றுகூட இல்லை. பென்சில் கோடே அதைவிடத் தடிப்பு. ஆகவே தாளின் ஓரத்தில் தனியாக இதை மட்டும் இன்னும் பத்து மடங்கு பெருப்பித்துக் கீறுங்கள், சம்பா அரிசி ஒரு சிறிய வாழைப்பழம் ஆகும். முதலில் ஒளித்தொகுப்புச் செய்யும் ஒரு பக்டீரியாவை ஒரு கலம் விழுங்கியது, அது செவ்வல்காவானது (சிவப்புப் பாசி). இரண்டு கோடு. அந்த அல்காவை ஒட்டுண்ணியின் மூதாதை ஒன்று விழுங்கியது. மேலே இன்னும் இரண்டு கோடு. பார்சலுக்குள் பார்சல். ஒளித்தொகுப்பு எப்போதோ போய்விட்டது. ஆனாலும் ஒட்டுண்ணி அதை எறியவில்லை, ஐசோபிரீன் வகைப் பொருள்களுக்கான மூலச்சரக்கு அதற்குள்தான் தயாராகிறது. 2011இல் எலன் யே, ஜோசஃப் டெரிசி இருவரும் அந்த ஒரு சரக்கை வெளியிலிருந்து ஊட்டிவிட்டு, ஏபிகோபிளாஸ்டே இல்லாத ஒட்டுண்ணிகளை இரத்தக் கட்டத்தில் வளர்த்துக் காட்டினார்கள். சமையல்காரர் போனாலும் கடைச் சாப்பாடு வந்தால் வீடு நடக்கும் என்ற கணக்கு.

வயல் வேலைக்கு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா கொடுக்கும் டொக்சிசைக்கிளின் இருக்கிறதே, அது மலேரியாவிலும் அடிப்பது இந்த இடத்தில்தான். பக்டீரியா வழிவந்த உருமணி என்பதால் புரதம் கட்டும் இயந்திரமும் பக்டீரியா மாதிரி, மருந்து அதை நிறுத்திவிடும். ஆனால் மருந்து பட்ட ஒட்டுண்ணி அந்தச் சுற்றில் சாகாது. தன் பாட்டில் வளர்ந்து, குஞ்சு பொரித்து, உடைத்துக்கொண்டு வெளியே வரும். பழுதான ஏபிகோபிளாஸ்டை வாங்கிக்கொண்டு போன குஞ்சுகள்தான் அடுத்த சுற்றில் சாகும். பயணம் போகிறவர்கள் தடுப்புக்கு எடுக்கலாம், காய்ச்சலில் கிடப்பவருக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்துக் காத்திருக்க முடியாது என்பது இதனால்தான்.

44 மணிப் படத்தில் கண் காண்பது ஒரு கொத்து: சிவப்புப் பொட்டுகள் பதினாறிலிருந்து முப்பத்திரண்டு வரை, நடுவில் கறுப்புக் கட்டி. ஆனால் இந்தக் கட்டத்தை விரல் இரத்தத்தில் அநேகமாகக் காண மாட்டீர்கள். ஃபல்சிபாரம் பருத்தவுடன் செங்குழியத்தின் மேற்பரப்பில் முடிச்சுகளை எழுப்பி, நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடும். முடிச்சு ஒன்று எங்கள் அளவில் ஒரு மில்லிமீட்டர், ஆகவே லஞ்ச் ஷீட்டுக்கு. நாங்கள் கண்டதெல்லாம் பெரும்பாலும் மோதிரமும், நுளம்புக்குப் போகத் தயாரான பிறைவடிவமும். சொல்லப்போனால் இந்த நாட்டில் அதிகம் கண்டது வைவாக்ஸ். புத்தகப் படங்கள் பெரும்பாலும் ஃபல்சிபாரம், ஏனென்றால் 1976இல் டிரேகரும் ஜென்சனும் வழி கண்ட பிறகு இந்த இரண்டில் அதைத்தான் ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. மெழுகுதிரி எரித்து ஒட்சிசனைக் குறைத்த ஒரு சாடிக்குள் தொடங்கின வேலை அது. இரண்டு இனத்தையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள்.

லஞ்ச் ஷீட்டில் இந்தக் கொத்துக்கு இழைமணியையும் ஏபிகோபிளாஸ்டையும் கிளைவிட்ட மரமாகக் கீறி, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒவ்வொரு துண்டு போகிற மாதிரி விடுங்கள். முதலில் பிரிவது ஏபிகோபிளாஸ்ட், அதற்குப் பிறகு இழைமணி.

கடைசியாகத் தாளின் மூலையில் வெளியே வந்த ஒரு குஞ்சு. குரும்பட்டி வடிவம், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். கூர்ப்பக்கத்தில் இரண்டு ரோப்ட்ரி, அரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், நுனி ஒடுங்கி அடி பருத்திருக்கும். மருமகளின் கத்தரிக்காய்கள் இவைதான்! சுற்றிவர மைக்ரோனீம்கள், மில்லிமீட்டர் அளவில் கசகசா மாதிரி. செங்குழியத்தைப் பிடிக்கவும் துளைக்கவும் வேண்டிய சரக்கெல்லாம் இவற்றில்தான். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். போனபின் ரோப்ட்ரி இருக்காது, சரக்கைக் கொட்டிவிட்டு மறைந்துவிடும். அடுத்த குஞ்சுகள் உருவாகும்போதுதான் புதிதாக வரும். ஆகவே பத்து மணி மோதிரத்துக்குள் கத்தரிக்காய் போட்டிருந்தால் அழிறப்பரை எடுங்கள்.

இதையெல்லாம் எப்படிக் கண்டார்கள் என்று அவள் கேட்டாள். ஒரு வழி, புரதத்தின் முகவரிச்சீட்டை ஒளிரும் புரதம் ஒன்றில் ஒட்டி அனுப்புவது, அது போய் நிற்கும் இடம் பச்சையாக மின்னும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒட்டுண்ணியை ஒரு ஜெல்லுக்குள் பதித்து, ஜெல்லைத் தண்ணீரில் ஊதவைப்பார்கள், பிள்ளைகளின் பேம்பர்ஸ் ஊதுகிற அதே வித்தை. எல்லாம் நாலரை மடங்கு வரை பெருக்கும், சவ்வரிசி வெந்த மாதிரி. உங்கள் ஏழரை சென்டிமீட்டர் வட்டம் ஓர் அடியைத் தாண்டும். குரும்பட்டி ஏழு சென்டிமீட்டருக்குக் கிட்ட வரும், ரோப்ட்ரி உங்கள் பெருவிரல் நுனி அளவு. ஆனால் அந்தக் கடதாசித் துண்டின் இரண்டு மில்லிமீட்டர் மாறவில்லை. துண்டை வைத்துப் பாருங்கள், சாதாரண ஒளியிலேயே எவ்வளவு பிரிந்து தெரியும் என்று.

லஞ்ச் ஷீட்டை நான்கு மூலையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள். நாங்கள் போடவில்லை. கச்சான் காற்று ஒரு அடி அடித்ததில் ஷீட் நழுவி, கருவும் இழைமணியும் செங்குழியத்துக்கு வெளியே போய் நின்றன. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்யுது போல" என்றார்.